ஒரே மாடல், இரண்டு கண்டென்சர்

சென்னை வேளச்சேரி பட்டறைத் தரையில் விரித்த பழைய செய்தித்தாளின் மேல் இரண்டு கார் ஏசி கண்டென்சர்கள் கிடந்தன. ஒன்று கார் கம்பெனியின் முத்திரையோடு கெட்டி அட்டைப்பெட்டியில் வந்தது. மற்றது ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையிலிருந்து, பெயர் எதுவும் இல்லாத மெல்லிய அட்டையில் வந்தது. இரண்டும் ஒரே மாடல் ஹேட்ச்பேக்குக்கு உரியவை. என் காரிலிருந்து கழற்றிய பழையது சுவரோரம் சாய்ந்து நின்றது. அதன் கீழ் இடது மூலையில் எண்ணெய் கசிந்து, அதில் தெருப்புழுதி அப்பி, வெள்ளைச் சட்டையில் கொட்டிய சாம்பார்போலப் பரவியிருந்தது.

"இது அதுல பாதி விலைகூட இல்ல சார். எது வேணும்னு நீங்களே பாத்து எடுத்துக்குங்க" என்றார் மெக்கானிக். பல வருஷமாகக் கார் ஏசி தவிர வேறு எதையும் தொடாதவர். எது நல்லது என்று நேராகக் கேட்டால் பதில் வராது. பொருளைக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அன்றைக்கும் அப்படித்தான்.

பட்டறையில் அதே மாடல் இன்னொன்றும் நின்றது. பெருங்களத்தூர்ப் பக்கத்து கால் டாக்சி அது. டிரைவர் தம்பி பின் சீட்டுக் கதவைத் திறந்துபோட்டுக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வண்டியின் கண்டென்சரும் போய்விட்டது, ஆனால் போன விதம் வேறு. ஜி.எஸ்.டி. சாலையில் முன்னால் போன லாரியின் சக்கரம் எறிந்த கல் நடுக் குழாயைத் துளைத்துவிட்டது. ஒரே நிமிஷத்தில் கேஸ் முழுக்க வெளியே. என்னுடையதோ கொட்டிவாக்கத்தில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, கூரையில்லாமல் ஏழு வருஷம் நின்ற கார். உப்புக்காற்று அரித்து அரித்து, முதலில் வருஷத்துக்கு ஒருமுறை கேஸ் போட்டு, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாகி, கடைசியில் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. ஒன்று விபத்தில் போனது, மற்றது நோயில் போனது. தரையில் கிடந்த இரண்டையும் நான் ஒப்பிட்டதற்கு அடிப்படையே இந்த வித்தியாசம்தான். அந்த மாடலுக்கு எது நல்லது என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. பழையது எதனால் போனது, வண்டி இனி எங்கே நிற்கப்போகிறது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: மாற்றத்தான் வேண்டுமா? நெடுஞ்சாலையில் ஓடும்போது ஜில்லென்று வந்து, சிக்னலில் நின்றதும் வெப்பக் காற்று அடித்தால், குற்றவாளி பெரும்பாலும் கண்டென்சர் இல்லை. அதன் பின்னால் இருக்கும் ஃபேனோ, ஃபேன் ரிலேயோ, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே பல வருஷமாகச் சேர்ந்த தூசியும் பூச்சியும் ஆலஞ்சருகுமோதான். சாதாரணக் குழாய்த் தண்ணீரை நிதானமாக, முடிந்தால் பின்பக்கத்திலிருந்து, விட்டுக் கழுவினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும் என்பார் மெக்கானிக். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன்னை அருகில் பிடித்தால் தகடுகள் மடிந்து படுத்துவிடும், காற்று போக வழியிராது. நல்ல கண்டென்சரைக் கொல்வதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. எங்கள் இரண்டு வண்டிக்கும் உலர்ந்த நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தார். தம்பியின் வண்டியில் நுரை சீறித் தெறித்தது. என் வண்டியில் மூலையில் ஒரே ஒரு குமிழ், மீன் குஞ்சின் கண் அளவுக்கு, மெதுவாக ஊதி ஊதி உடைந்தது. கம்ப்ரசர் காற்றை ஏற்றிச் சோதிப்பவர்களும் உண்டு. அந்தக் காற்றிலுள்ள ஈரம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இனி அந்த இரண்டுக்கும் வருவோம். எதை வைத்து அளப்பது? கண்டென்சருக்கு இருப்பது ஒரே வேலை. கம்ப்ரசர் அழுத்தித் தள்ளும் சூடான கேஸிலிருந்து சூட்டைப் பிடுங்கி வெளிக்காற்றில் விட்டு, கேஸைத் திரவமாக்குவது. வெளியே 36 டிகிரி என்றால் உள்ளே இருப்பது அதைவிடச் சூடாக இருந்தால்தான் சூடு வெளியே போகும். எத்தனை டிகிரி அதிகம் என்பதில்தான் கண்டென்சரின் தரம் அடங்கியிருக்கிறது. இங்கே ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். அது 50 டிகிரியில் திரவமாக வேண்டுமானால் கேஜில் சுமார் 175 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். 60 டிகிரியில்தான் திரவமாவேன் என்று அடம்பிடித்தால் 230 பி.எஸ்.ஐ. வேண்டும். அந்தக் கூடுதல் 55-ஐத் தள்ளுவது கம்ப்ரசர். கம்ப்ரசரைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சினுக்குப் பெட்ரோல் போடுவது நாம். சின்ன எஞ்சின் வண்டி மேம்பாலம் ஏறும்போது ஏசியை அணைக்கும் பழக்கம் சும்மா வந்ததில்லை.

கம்பெனிப் பெட்டியில் வந்ததை அசல் என்றும் கடைச்சரக்கை நகல் என்றும் இனிச் சொல்கிறேன். நகல் என்றதும் போலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கடைக்காரர் அதை அசல் என்று சொல்லி விற்கவில்லை. 'லோக்கல்' என்று சொல்லித்தான் கொடுத்தார், அது நேர்மைதான்.

ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். நீளம் ஒன்று, உயரம் ஒன்று, குழாய்களின் எண்ணிக்கையும் ஒன்று. கடையில் இதைத்தான் காட்டுவார்கள்: "பாருங்க, அச்சு அசல்." வெர்னியரை எடுத்துக் கனத்தை அளந்தபோதுதான் கதை மாறியது. அசல் 16 மில்லிமீட்டர், நகல் 12. நேருக்கு நேர் பார்த்தால் தெரியவே தெரியாது. தட்டைப்போலப் பக்கவாட்டில் திருப்பினால் பளிச்சென்று தெரியும். கனத்தில் கால்வாசி போனால், சூடு வெளியேறும் பரப்பிலும் ஏறக்குறைய அந்த அளவு போயிற்று.

இன்றைய கார்களில் இருக்கும் கண்டென்சரின் அமைப்பு எளிமையானது. இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் இரண்டு தலைக்குழாய்கள். நடுவில் ஏணிப்படிபோல அடுக்கிய தட்டைக் குழாய்கள். ரிப்பன் பக்கோடா பிழிவதுபோல அலுமினியத்தை அச்சில் பிழிந்து எடுத்தவை இவை. ஆனால் ஒவ்வொரு ரிப்பனுக்குள்ளும் வரிசையாகப் பொடித் துளைகள். இரண்டு ரிப்பன்களுக்கு நடுவே நெளிநெளியாக மடித்த தகடு. அந்தத் தகட்டிலும் மர ஜன்னலின் சாய்ந்த பலகைகள்போல நுண்ணிய கீறல்கள். காற்று சும்மா நழுவிப் போய்விடாமல் தகட்டில் உரசிப் போவதற்காக அவை. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, நைட்ரஜன் நிரம்பிய உலைக்குள் விட்டு ஒரே சூட்டில் பற்றவைக்கிறார்கள். தரத்தின் வித்தியாசம் பெரும்பாலும் அந்த உலையில்தான் தீர்மானமாகிறது.

பல்குத்தும் குச்சி ஒன்றை எடுத்து, ஸ்கேலை ஒட்டிவைத்து, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை நெளிவு என்று எண்ணினேன். நகலில் நாலு குறைவு. நெளிவு குறைந்தால் அழுக்கு அடைவதும் கொஞ்சம் குறையும், அது ஒரு லாபம். ஆனால் சூடு போகும் பரப்பும் குறைகிறதே. அடுத்து, நெளிவின் முதுகு குழாயோடு ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் மெதுவாக நெம்பினேன். அசலில் எதுவும் அசையவில்லை. நகலில் வலது ஓரத்தில் மூன்று நெளிவுகள் ஆடின. குழாயைத் தொடாத தகடு வெறும் அலங்காரம். அதற்குச் சூடு வரவும் வராது, அதிலிருந்து போகவும் போகாது.

நேர்மையாக எழுத வேண்டுமானால் நகல் ஜெயித்த இடத்தையும் சொல்ல வேண்டும். கீழே ரப்பர் புஷ்ஷில் உட்காரும் காதுகள் அசலைவிட நகலில் தடிமனாக இருந்தன. ஏன் என்று தெரியவில்லை. காசு மிச்சம் பிடிக்கிற ஒருவர் அங்கே மட்டும் தாராளமாக இருந்திருக்கிறார். இன்னொன்று, நகல் அன்றைக்குக் காலையில் கேட்டு மதியத்துக்குள் வந்தது. அசலுக்கு நாலு நாள் காத்திருந்தேன். வாடகை ஓட்டும் ஒருவருக்கு நாலு நாள் என்பது பெரிய தொகை.

கண்ணுக்குத் தெரியாதவை இரண்டு உண்டு. முதலாவது தலைக்குழாய்க்குள் இருக்கும் தடுப்புகள். மேலே நுழையும் கேஸ் நிறைய இடம் கேட்கும். திரவமாகிவிட்டால் அதே எடைக்குப் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடம் போதும். அதனால் முதல் சுற்றில் நிறையக் குழாய்கள், போகப் போகக் குறைவு என்று தடுப்புகளை வைத்துப் பிரிக்கிறார்கள். தடுப்பை அரை அங்குலம் மாற்றி வைத்தாலும் கணக்குக் கெடும். அறுத்துப் பார்த்தால் ஒழிய இது தெரியாது. இரண்டாவது குழாய்களின் மேல் பூசும் துத்தநாகம். உப்பு வந்தால் முதலில் துத்தநாகம் தன்னைக் கொடுத்து அலுமினியத்தைக் காப்பாற்றும். நல்ல தயாரிப்பாளர்கள் இதைச் செய்கிறார்கள். நகலின்மேல் கறுப்புப் பெயின்ட் மட்டும் பளபளத்தது. விரலால் தேய்த்தால் கொஞ்சம் கையோடு வந்தது. கல்லடிபட்ட வண்டிக்கு இது பெரிய குறையில்லை. கொட்டிவாக்கம் வண்டிக்கு இதுதான் எல்லாமே.

என்னை முடிவெடுக்க வைத்தது இவை இரண்டும்கூட இல்லை. ஒரு பிளாஸ்டிக் மூடி. இந்த மாடலில் டிரையர் தனியாக இல்லை. கண்டென்சரின் பக்கவாட்டிலேயே ஒரு குழாயாக ஒட்டியிருக்கிறது. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மணிகள் ஒரு பையில் இருக்கும். அசலின் வாய்களை இறுக்கமாக அடைத்திருந்தார்கள். மூடியைக் கழற்றும்போது 'ஸ்ஸ்' என்று சின்னதாகச் சத்தம் வந்தது. உள்ளே நைட்ரஜன் அடைத்து அனுப்பியிருந்ததன் அறிகுறி அது. நகலின் இரண்டு மூடிகளில் ஒன்று கழன்று பெட்டிக்குள் உருண்டுகொண்டிருந்தது. சென்னைக் காற்றின் புழுக்கம் தெரிந்ததுதானே, மேஜைமேல் வைத்த உப்பு மாலைக்குள் நசநசத்துவிடும். எத்தனை வாரமாக அந்த வாய் திறந்திருந்ததோ, மணிகள் குடிக்க வேண்டியதை முன்கூட்டியே குடித்து முடித்திருக்கும். அசலில் டிரையரின் அடிமூடி திருகு, பையை மட்டும் மாற்றலாம். நகலில் பற்றவைத்தே மூடியிருந்தார்கள்.

அப்படியானால் அசலின் விலை நியாயமா? அதுவும் இல்லை. கார் கம்பெனி கண்டென்சரைத் தானே செய்வதில்லை. ஏசி பாகங்கள் செய்பவர்கள் தனி. உதாரணத்துக்கு, 1985-இல் சூரி குடும்பமும் ஜப்பானின் டென்சோவும் சுசுகியும் சேர்ந்து தொடங்கிய சுப்ரோஸ் மாருதி கார்களுக்கு ஏசி கொடுத்துவருகிறது. இதுபோல் கார் கம்பெனிக்குச் சரக்கு கொடுப்பவரே தன் பெயரிலும் உதிரிபாகச் சந்தையில் விற்பதுண்டு. அதே வகைச் சரக்கு, வேறு பெட்டி, கார் கம்பெனியின் முத்திரைக்கான விலை மட்டும் கழிந்திருக்கும். கேட்க வேண்டிய முதல் கேள்வி உண்மையில் இதுதான்: "இதைச் செஞ்சவர் பெட்டியிலயே கிடைக்குமா?" எங்கள் மாடலுக்கு அந்த வாரம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரை ஒரு பத்தியோடு முடிந்திருக்கும்.

பழையதையே ஒட்டிக் கொள்ளலாமே என்று தம்பி கேட்டார். பழங்காலக் கண்டென்சர்களில் விரல் தடிமன் உருண்டைக் குழாய் ஒன்று வளைந்து வளைந்து போகும். அதில் ஓட்டை விழுந்தால் பற்றவைத்து இன்னும் சில வருஷம் ஓட்டிவிடலாம். இந்த ரிப்பன் குழாயின் சுவர் அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. ஆர்கன் வெல்டிங் செய்பவர் கை வைத்தால் ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை உருகி விழும். கல் விழுந்த ஒரு குழாயை மட்டும் இரண்டு முனையிலும் அடைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு, சில மாதம் ஓடும். எம்-சீல் வைத்தவர்களும் உண்டு, 200 பி.எஸ்.ஐ. அதை மதிப்பதில்லை. புதுப்பேட்டையில் கழற்றிய பழைய கண்டென்சர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கழற்றிய நாளிலிருந்து அதன் வாய் திறந்தே கிடக்கிறது, டிரையர் செத்துப்போயிருக்கும். கதவுக் கைப்பிடிக்கும் கண்ணாடிக்கும் புதுப்பேட்டைதான் என் கோயில். இதற்கு மட்டும் போகமாட்டேன்.

இன்னொரு வகை மரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரசர் உள்ளுக்குள் தேய்ந்து உடைந்தால் அலுமினியப் பொடி எண்ணெயோடு கலந்து கறுப்புச் சேறாகி நேரே கண்டென்சருக்குள்தான் வந்து அடையும். உருண்டைக் குழாய்க் காலத்தில் திரவம் விட்டு அலசி எடுத்தார்கள். இந்தப் பொடித் துளைகளில் அடைத்ததை எதைவிட்டு அலசினாலும் முழுக்க வராது. அதை அப்படியே விட்டுப் புதுக் கம்ப்ரசர் மாட்டினால், மிச்சமிருக்கும் பொடி புதியதையும் தின்னும். அங்கே ஓட்டையே இல்லாத கண்டென்சரையும் தூக்கிப்போடத்தான் வேண்டும். பலர் இதை நம்பாமல் இரண்டாவது கம்ப்ரசருக்குக் காசு கட்டியிருக்கிறார்கள்.

நான் அசலை எடுத்தேன். தம்பி நகலை எடுத்தார். வண்டியை ஆறு மாதத்தில் விற்கப்போகிறாராம், கடல் பக்கம் அவருக்குச் சவாரியும் அதிகமில்லை. அவர் கணக்கில் நான் தப்பு சொல்லவில்லை. மூடி கழன்ற விஷயத்தை மட்டும் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் அதைத் திருப்பிக் கொடுத்து, மூடி இறுகிய வேறொன்றைக் கடையிலிருந்து வரவழைத்தார். தகடு ஆடுகிறதா என்று இந்த முறை தம்பியே நகத்தால் நெம்பிப் பார்த்துக்கொண்டார்.

அதன்பிறகு நடந்தது இரண்டுக்கும் ஒன்றுதான், அசல்-நகல் பேதம் அதில் இல்லை. என் வண்டியில் மிச்சமிருந்த கொஞ்சம் கேஸை, நைட்ரஜன் ஏற்றுவதற்கு முன்பே மெஷினில் திருப்பி இழுத்துக்கொண்டிருந்தார். பல இடங்களில் வால்வைத் திறந்து சும்மா காற்றில் விட்டுவிடுவார்கள். பூமியைச் சூடாக்குவதில் ஆர்-134ஏ கரியமில வாயுவைவிடச் சுமார் 1,400 மடங்கு வலியது. 400 கிராமை வெளியே விட்டால் அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு விட்ட கணக்கு. புதியதை உட்கார வைத்து, இரண்டு பைப்பையும் இணைத்தார். ஓ-ரிங் இரண்டும் புதிது. பச்சை நிறம், கம்ப்ரசர் எண்ணெயில் தோய்த்துப் போட்டார். "காய்ஞ்சு போட்டா முறுக்கிக்கும்" என்றார். பழையதோடு போன எண்ணெய்க்குப் பதிலாக மருந்து ஊசியில் அளந்து சுமார் 30 மில்லி புதிய கண்டென்சருக்குள் விட்டார். கேஸ் மட்டும் போட்டு எண்ணெயை மறந்துவிடுவதுதான், கண்டென்சர் மாற்றிய சில மாதங்களில் கம்ப்ரசரும் போவதற்குப் பெரும்பாலும் காரணம். எண்ணெய் வகையும் வண்டிக்கு வண்டி மாறும். ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் மின்சாரம் கடத்தாத வேறு எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். கைக்குக் கிடைத்ததை ஊற்றினால் ஆபத்து.

பிறகு வேக்கம். அவசரக்காரர்கள் பத்து நிமிஷத்தில் முடிப்பார்கள். இவர் முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். காற்றை வெளியேற்ற இவ்வளவு நேரம் வேண்டியதில்லை, ஈரத்தை வெளியேற்றத்தான் வேண்டும். 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தை 32-க்குக் கீழே இறக்கினால் 30 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவியைப் பம்பு இழுத்துத் தள்ள நேரம் வேண்டும். பம்பை நிறுத்தி, முள் அசைகிறதா என்று இன்னொரு டீ நேரம் பார்த்தார். அசையவில்லை.

கேஸை எடை பார்த்துத்தான் ஏற்றினார். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கிறது, அதைத் தராசில் வைத்து. பைப்பைத் தொட்டுப் பார்த்து "ஜில்லுனு இருக்கு, போதும்" என்கிறவர்களிடம் வண்டியை விடாதீர்கள். இங்கே நகலுக்கு ஒரு சிக்கல் வந்தது. அதன் கனம் குறைவு, உள்ளே இடமும் குறைவு. ஸ்டிக்கர் சொன்ன எடை அதற்குக் கொஞ்சம் அதிகம். தம்பியின் வண்டிக்கு 20 கிராம் குறைத்தே நிறுத்தினார்.

மாலை நாலரை மணிக்கு இரண்டு வண்டிகளும் வேப்பமர நிழலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஓடிக்கொண்டிருந்தன, இரண்டிலும் கேஜ். என் வண்டியின் முள் 190-க்குப் பக்கத்தில் ஏறி இறங்கியது. தம்பியுடையது 220-ஐ விட்டு இறங்க மறுத்தது, ஃபேனும் நிற்கவே இல்லை. கம்ப்ரசர் இரண்டுக்கும் ஒரே வயதில்லை. வித்தியாசம் முழுவதையும் கண்டென்சர் தலையில் கட்டக் கூடாது. உள்ளே வைத்த தெர்மாமீட்டரில் இரண்டுக்கும் நடுவே மூன்று டிகிரிகூட இல்லை. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தியதும் அந்த மூன்றும் ஒன்றானது. நின்றால்தான் வித்தியாசம், ஓடினால் பெரிதாக இல்லை. கத்திப்பாராவில் தினமும் அரை மணி நேரம் நிற்கிறவருக்கு இது ஒரு கணக்கு, செங்கல்பட்டுக்கு ஓடுகிறவருக்கு வேறு கணக்கு.

தம்பி குனிந்து கேஜைப் பார்த்தார், என் கேஜையும் பார்த்தார். "அண்ணே, இந்த முள்ளு மேல நிக்குதே, பிரச்சன இல்லையே?" என்றார்.

"450-க்குப் போனாத்தான் சுவிட்ச் கட் ஆகும். உனக்கு அவ்வளவு போகாது. மே மாசம் மட்டும் ரொம்ப நேரம் நிறுத்தி வெச்சு ஏசி போடாத" என்றார் மெக்கானிக்.

"நிறுத்தி வெச்சு நான் எப்ப போட்டேன்? கஸ்டமர் ஏறினப்புறமே கேட்டாத்தான் போடுவேன்" என்று சொல்லிவிட்டு, கேஜைக் கழற்றுவதற்குள் ஏசியை அணைத்தார்.